அழுக்குத் தெரியாத நிறம்

ரெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவர் எங்கள் பக்கம் ரோஸ் கலர், அவள் பக்கம் யானைத் தோல் கலர். பொங்கல் வந்தால் தெருவே வெள்ளையும் நீலமும் பச்சையுமாகப் பூசிக்கொள்ளும். அவள் மட்டும் பெயிண்டுக்காரரின் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம் கறுப்பு ஊத்துங்க, இன்னுங் கொஞ்சம்" என்று நல்ல கலரைக் கெடுத்துக்கொண்டிருப்பாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டோர ஊர் அது. காலையில் துடைத்த ஜன்னல் பலகையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். நாங்களெல்லாம் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனோம். அவள் துடைக்கவும் துடைப்பாள், அது போதாதென்று வீட்டில் எல்லாவற்றையும் அழுக்குத் தெரியாத நிறமாகப் பார்த்துப் பார்த்து வைப்பாள்.

அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவள். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள், அன்றிலிருந்து அக்கா. அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கர்ப்பப்பை வாயில் புற்று. டாக்டர்கள் அதற்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அவளுடைய அந்தப் பழக்கம்தான் அவளைக் கொண்டுபோனது என்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தீபாவளிக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் புடவை எடுக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் அக்கா எடுப்பாள். போர்வை கருநீலம், தலையணை உறை எண்ணெய்ப் பிண்ணாக்கு நிறம், மிதியடி என்ன நிறமென்று அவளுக்கே தெரியாது. மகள் கல்யாணத்தில்கூடப் பெண்ணைப் பெற்றவள் பாக்குக் கலர் பட்டில் நின்றாள். பந்தி நடக்கும்போது ரச வாளியோடு ஓடிவந்த ஒருவன் அவள் மேல் மோதி முக்கால் வாளியையும் கொட்டிவிட்டான். ஒரு ஆளுக்குத் தெரியவில்லை. அதை எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் மேல வாளி ரசம் கவுந்துச்சே, எவளாச்சும் பாத்தீங்களா? அதே பொடவையோடதான் சம்பந்திய வழியனுப்பி வச்சேன்."

என் கல்யாணத்துக்கு எல்லோரும் குத்துவிளக்கும் குக்கரும் கொடுத்தார்கள். இவள் கருநீலத்தில் ஒரு போர்வை கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? "ஒன் வூட்டுக்காரரு தலையில எண்ணெ வச்சுக்கிட்டுப் படுத்தாலும் தெரியாது புள்ள" என்று மேடையில் சத்தமாக வேறு சொன்னாள். அந்தப் போட்டோவில் நான் தலை குனிந்திருப்பது வெட்கத்தால் என்று இன்றைக்கும் எல்லோரும் நினைக்கிறார்கள். எரிச்சலில் குனிந்தது.

இன்னொன்று இருக்கிறது. அப்போது சிரித்துவிட்டோம். ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். எழுந்து, வேறு பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து, வந்திருந்த விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசியும் இருக்கிறாள். மறுநாள் அந்தப் புடவையை ஊறவைத்த மகள், தண்ணீர் சிவப்பாகி வருவதைப் பார்த்து அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். முழங்காலில் சதை பிளந்திருந்தது. "இத்தன பேரு வந்துட்டுப் போனாங்க, பொடவைல ஒரு பொட்டாச்சும் தெரிஞ்சுதா பாரு" என்று அக்கா பெருமையாகத் துணிக்கட்டை அவிழ்த்துக் காட்டினாள். 

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, பல்க்கர் ஓட்டினவர். மூட்டை கட்டாத சிமெண்டை மொத்தமாக நிரப்பிக்கொண்டு போகிற உருண்டை டேங்கர் லாரி அது. அவர் பார்க்காத ஊர் கிடையாது. அக்காவுக்கு அரியலூர், பெரம்பலூர், பிறந்த ஊர் குன்னம், அவ்வளவுதான் உலகம். லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் மாமா கன்னியாகுமரியில் சூரியன் உதித்த கதை, பாம்பன் பாலத்தில் காற்று அடித்த கதை என்று அவிழ்த்துவிடுவார். "ரிட்டயர்டு ஆனதும் ஒன்னய எல்லா ஊருக்கும் கூட்டிட்டுப் போறேன்டி" என்று முடிப்பார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லாட்ஜுல எல்லாம் வெள்ளப் போர்வையாமே, எவன் தொவைக்கிறது?" என்பாள்.

அந்தக் கவலைக்காகவே அவர் லாட்ஜே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். வேலையிலிருந்து நின்றதும் திருச்சியில் ஒரு பழைய கேரவனை வாங்கினார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிற வண்டி. சினிமா ஷூட்டிங்குக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் ஓடித் தேய்ந்தது. அதை நேராக, நான் கல்யாணமாகிப் போன பெரம்பலூருக்கு, எங்கள் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் வேனுக்கும் காருக்கும் சீட் கவர், ஜன்னல் திரை தைக்கிறவர்கள். அளவெடுத்து வெட்டித் தைப்பது நான், கழற்றி மாட்டுவது அவர்.

வண்டிக்குள் ஏறினால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். ஜன்னல்களில் கறுப்பு ஃபிலிம். அதன் மேல் மெரூன் வெல்வெட் திரை, திரைக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஃப்ரில், ஃப்ரில் ஓரமெல்லாம் தங்கக் கலர் குஞ்சம். சுவரில் மரம் மாதிரி ஸ்டிக்கர், அதுவும் மூலைக்கு மூலை உரிந்து தொங்கியது. மேக்கப் கண்ணாடியைச் சுற்றிப் பல்புகள், அவற்றில் பாதி செத்துப்போனவை. எந்தக் காலத்து அலங்காரமோ, கல்யாண மண்டபத்து மேடையைச் சுருட்டி உள்ளே அடைத்ததுபோல இருந்தது.

"எல்லாத்தையும் பிச்சுப் போடு பாப்பா. வெளிச்சமா வேணும். கிரீம் கலருல காட்டன் துணி போடு, சீட்டு, படுக்கை, திரை எல்லாத்துக்கும்" என்றார் மாமா.

அக்கா வெல்வெட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். "நல்லாத்தானே இருக்கு? இது எந்த ஜென்மத்துக்கும் அழுக்குத் தெரியாது. இதப் போயி மாத்தணுங்கிறாரு."

நானும் தொழில் தெரிந்தவளாக, "சீட்டுக்கு மட்டுமாவது ரெக்ஸின் போட்டுடலாம் மாமா, தொடச்சா போயிடும்" என்றேன்.

"ரெக்ஸின் மேல உக்காந்து உக்காந்து எம் முதுகுத் தோலே ரெக்ஸினாப் போச்சு. துணிதான் வேணும்" என்று பிடிவாதமாகச் சொன்னார். பிறகு அவளைக் காட்டி, "இவ பேச்சக் கேக்காத. இவளுக்கு இப்ப எல்லாத்துலயும் சோம்பேறித்தனம். சாமி வெளக்குகூட ஆறு மாசமா நாந்தான் ஏத்துறேன்" என்று கிண்டல் செய்தார்.

"ஏத்துனா என்ன, ஒங்களுக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்" என்றாள் அவள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வெந்நீரைத் தெளித்து பிளேடால் சுரண்டி அந்தக் கறுப்பு ஃபிலிமை என் வீட்டுக்காரர் உரித்தார். முதல் ஜன்னல் உரிந்ததும் வெயில் படுக்கை வரைக்கும் வந்து விழுந்தது. அக்கா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "யாத்தாடி, இவ்ளோ வெளிச்சத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள். ஓடுகிற வண்டியில் திரை பறக்காமல் இருக்க மேலேயும் கீழேயும் கம்பி கொடுத்து, கிரீம் துணியில் சின்னச் சின்ன இலை போட்டதாகத் தைத்து மாட்டினேன். ஸ்டிக்கரை உரித்துவிட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். முடிந்ததும் அந்த வண்டியைப் பார்க்க எனக்கே அதில் குடியேறலாம் போலிருந்தது. கழற்றிய வெல்வெட்டைக் குப்பைக்குப் போக விடாமல் அக்கா மடித்து எடுத்துக்கொண்டாள். தரை துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ராமேஸ்வரம் கிளம்புவதாகத் திட்டம். அதற்கு முன்னால் வெள்ளோட்டமாக ரஞ்சன்குடி கோட்டை வரைக்கும் போய்வரலாம் என்றார் மாமா. பெரம்பலூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். தையல் எங்காவது பிரிகிறதா என்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன்.

அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பஸ்ஸுல எடம் கெடைக்காதவ மாதிரி நிக்கிறியேக்கா" என்று நான் கிண்டல் செய்ததற்கும், "புதுசு புள்ள, அழுக்காயிடும்" என்று நின்றாள். கண்ணாடியில் பார்த்த மாமா வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "நீ உக்காந்தாத்தான் வண்டி நகரும்." வேறு வழியில்லாமல் பையிலிருந்து அந்த மெரூன் வெல்வெட்டை எடுத்து விரித்து, அதன் மேல் உட்காரப் போனாள். மாமா எழுந்து வந்து சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி முன்சீட்டில் போட்டார். "வூட்டுக்காரி உக்காரத்தானே புதுசு தச்சது? உக்காருடி." அவள் ஓரமாக, பாதி உடம்பில் உட்கார்ந்தாள். வண்டி போனது.

கோட்டைக்குக் கீழே நிறுத்தினதும் முட்டி வலிக்கிறது என்று அவள் இறங்கவில்லை. மாமா மேலே ஏறிப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன், பாதியில் செருப்பு வார் அறுந்து திரும்பி வந்தேன். வண்டியின் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. கதவைத் திறந்தால் அக்கா தரையில் மண்டிபோட்டு, சீட்டுக் குஷனைத் தூக்கிக்கொண்டிருந்தாள். குஷனில் பாதி ஈரம். ஈரத்தின் ஓரமெல்லாம் ரோஸாகப் பரவியிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. திருப்பிப் போட்டுட்டா தெரியாது. நீ கதவச் சாத்து."

அவள் எழுந்து நின்றபோது புடவையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பாக்கு நிறம். ஒன்றும் தெரியவில்லை. கையால் தொட்டேன், நனைந்திருந்தது.

"ஒனக்குத்தான் நின்னு போயி வருசக்கணக்காவுதே?"

"திரும்ப வந்திருக்கு. ஒடம்புச் சூடு புள்ள. வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கிறேன், மோரு குடிக்கிறேன். அடங்கிடும்."

"எப்பலேருந்து?"

"ஆடிலேருந்து." அப்போது மாசி பிறந்துவிட்டது.

எனக்குச் சட்டென்று விளக்கு ஞாபகம் வந்தது. "அதான் நீ வெளக்கு ஏத்துறதில்லையா?"

"தீட்டோட எப்படி ஏத்துறது?" என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

"அப்ப ராமேஸ்வரம்?"

"நான் வண்டியிலயே இருந்துக்குவேன். முட்டி வலின்னு சொல்லிக்கலாம், அவரு போயி கும்பிட்டுட்டு வரட்டும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்றிருந்தது. "கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு கல்யாணமான நாளா சொல்லிக்கிட்டிருந்த மனுசன். இப்பத்தான் வண்டி வந்திருக்கு. இதச் சொன்னா நிறுத்திப்புடுவாரு. போயிட்டு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வரேன், நீ சொல்லிப்புடாத."

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அறைந்துவிடலாம் போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "நான் சொல்லுவேன்" என்றேன்.

மாமா வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். வண்டிக்கு வெளியிலேயே நிறுத்தி நேராகச் சொல்லிவிட்டேன். அவர் பிஞ்சுகளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஏறினார். திருப்பிப் போட்ட குஷனை எடுத்துப் புரட்டினார். "பாக்காதீங்க, அசிங்கம்" என்று அக்கா அதைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாந்தான உக்கார சொன்னேன்" என்றார். எதற்காக அதைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.  பெரம்பலூரில் பெண் டாக்டர் ஒருவரின் ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டி நின்றது. அவர் பார்த்துவிட்டு மறுநாளே திருச்சிக்குப் போகச் சொன்னார்.

திருச்சியில், முன்னாடியே வந்திருக்கலாமே என்றார்கள். நோய் அக்கம்பக்கத்துக்கும் பரவிவிட்டிருந்தது. கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டும், தினமும் வர வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு காலி மைதானம் இருந்தது. அங்கே புங்கமரத்தடியில் கேரவனை நிறுத்திக்கொள்ள மாமா அனுமதி வாங்கினார். பங்குனி முழுக்க இருவரும் அதில்தான் குடியிருந்தார்கள். ராமேஸ்வரத்துக்கென்று வாங்கி வைத்த அரிசியும் பருப்பும் அந்த மரத்தடியில்தான் வெந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போனேன். அக்கா படுக்கையில் பாதியாகக் கிடந்தாள். மாமா வெளியே போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டு, "டேப்பு வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"அந்த மெரூன் துணி மேல பலகைல இருக்கு. படுக்கைக்கு ஒரு கவர் தச்சுக் குடுத்துடு. இவரு தெனம் இந்த வெள்ளத் துணிய எடுத்துட்டுப் போயி பைப்படியில ஒக்காந்து தொவைக்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு வர சனமெல்லாம் பாத்துட்டுப் போவுது. கட்டுன புருசன் கையில இதத் தொவைக்கக் குடுத்துட்டு நான் படுத்துக் கெடக்கேன் புள்ள. எனக்கு உசுரு போவுது."

அவள் கேட்டது நியாயம்தான் என்று பட்டது. டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். மாமா ஈர வாளியோடு ஏறி வந்தார். என் கையில் டேப்பையும், அவள் பக்கத்தில் வெல்வெட்டையும் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"வேணாம் பாப்பா."

"அக்காவுக்குச் சங்கடமா இருக்கு மாமா."

"இருக்கட்டும். அந்தத் துணியப் போட்டா எனக்கு எப்படித் தெரியும்? நேத்தைக்கு இன்னிக்குக் கம்மியா, கூடவான்னு இதப் பாத்துத்தான் டாக்டருகிட்ட சொல்றேன்." அவர் குரல் அதுவரை நான் கேட்காத குரலாக இருந்தது. "இத்தன மாசம் பக்கத்துலயே படுத்திருந்தும் எனக்குத் தெரியல. இனிமே எது வந்தாலும் எனக்கு மொதல்ல தெரியட்டும்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். "மானத்த வாங்குறாரு" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். திரை திறந்திருந்தது. வெளியே மாமா வண்டிக்கும் மரத்துக்குமாகக் கட்டிய கயிற்றில் துணியை விரித்து, கறை போன இடத்தை வெயிலுக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "புழியக்கூடத் தெரியல பாரு, தண்ணி சொட்டுது" என்றாள். திட்டுவதுபோல ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

கரண்ட் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடமாடினாள். பிறகு இடுப்பு வலி வந்தது, பிறகு படுக்கை. ஐப்பசி மழையில் போய்விட்டாள். குன்னத்திலிருந்து அவள் தம்பி பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்தினான். பளிச்சென்று மஞ்சள். அவள் உடம்பில் அப்படி ஒரு நிறத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன வாரம் மாமா பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். வண்டி வீட்டுக்கு முன்னால் அப்படியே நிற்கிறதாம். தலை திவசம் வருகிறது, சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைக்க வேண்டும், கூட வந்து எடுத்துக் கொடு என்றார். பெரம்பலூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த பெண், "என்ன கலர் காட்டட்டும் சார்?" என்று கேட்டுக்கொண்டே நாலைந்து புடவைகளை விரித்துப் போட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். "அவளுக்கு எந்தக் கலரு புடிக்கும் பாப்பா?"

  காப்பிக்கொட்டை, பாக்கு, கருநீலம், அதெல்லாம் அவளுக்குப் பிடித்த நிறங்களா? அவள் எந்தப் புடவையையும் பார்த்து அழகாயிருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை கடைக்குக் கூடப் போயிருக்கிறேன். ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியல மாமா."

அவர் ஓசூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். "ஏம்மா, அம்மாவுக்கு எந்தக் கலரு புடிக்கும்?" என்றார்.  "கேக்குதா? அம்மாவுக்குப் புடிச்ச கலரு எது? பொடவை எடுக்க வந்திருக்கோம்."  "எனக்கும் தெரியலப்பா" என்று மகள் அழத் தொடங்கினாள். விரித்துப் போட்ட புடவைகள் மேல் மாமா போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு நிறமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.